வகுப்பறையும் வகுப்புகளும்

தமிழில் ‘வகுப்பு’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. மாணவர் அமர்ந்து பாடம் கேட்கும் இடமும் வகுப்பு. சாதி, சமயம் பற்றி மக்கள் பிரிந்து நிற்கும் பிரிவும் வகுப்பு. ஆங்கிலத்தில் இவ்விரண்டையும் குறிக்க இருவேறு சொற்களைப் பெரும்பாலும் ஆள்வர். நம் மொழியோ இரண்டையும் ஒரு சொல்லில் அடக்கி வைத்திருக்கிறது. தற்செயலாக நேர்ந்ததே ஆயினும் இதில் ஒரு பாடம் உண்டு. முதற்பொருளில் வரும் வகுப்பில் யார் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பதை இரண்டாம் பொருளில் வரும் வகுப்புகளே நெடுங்காலம் முடிவு செய்து வந்தன. அந்நிலை மாறத் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. முற்றும் மாறிவிட்டது என்று சொல்வதற்கில்லை.

உயர்கல்வியில் பலதரப்பட்ட மாணவர் இடம் பெறுதல் வேண்டும் என்று சொல்லும்போது, அதை ஏதோ ஓர் இரக்கச் செயல் போலவே பலரும் எண்ணுகிறார்கள். இல்லாதவர்க்கு இருப்பவர் மனமிரங்கித் தரும் இடம் என்பது அவர்கள் கருத்து. இக்கட்டுரை சொல்ல விரும்புவது வேறு. வகுப்பில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பதும் பாடத்தின் ஒரு பகுதியே. பல இடங்களிலிருந்து வந்தவர் ஒருங்கிருந்து கற்காத கல்லூரி, தன் மாணவர் அனைவருக்குமே, வசதியுள்ள மாணவர்க்குங்கூட, குறைபட்ட கல்வியையே தருகிறது. எல்லாத் தொழிற்கல்விக்கும் இது பொருந்துமாயினும், உயிரோடு நேரே தொடர்புடைய மருத்துவக் கல்வியை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

1. மூடிய கதவின் விலை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திண்டிவனத்தில் நடந்த நிகழ்ச்சி ஒன்று பலரும் அறிந்தது. அங்கே மருத்துவத் தொண்டு செய்துவந்த அமெரிக்கப் பாதிரியார் ஒருவரின் மகள் ஐடா ஸ்கடர், நோயுற்ற தாயாருக்குத் துணையாக வந்திருந்தார். ஒரே இரவில் வெவ்வேறு சமூகத்தைச் சேர்ந்த மூவர், ஒருவர் பின் ஒருவராக, அவரைத் தேடி வந்தனர். மூவர் வீட்டிலும் மனைவி பேறுகால வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். தந்தையார் மருத்துவர், அவர் வருவார் என்று ஐடா கூறினார். ஆனால் ஆண் மருத்துவரைப் பிரசவ அறைக்குள் விட மூவரும் இசையவில்லை. பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தனர். இதனை ஐடா பின்னாளில் தாமே கூறியிருக்கிறார்.

அந்த மூவரையும் கொன்றது மருத்துவ அறிவின் குறைவு அன்று. மருத்துவமும் இருந்தது, மருத்துவரும் இருந்தார். பெண் ஒருத்தி மருத்துவம் கற்கவில்லை என்பதே அன்றைய குறை. கணவன்மாரின் பிடிவாதத்தை நாம் குறை கூறலாம், கூறவும் வேண்டும். ஆனால் சமூகத்தின் மனம் மாறும்வரை நோயாளி காத்திருக்க முடியாதே!

ஐடா ஸ்கடர் அமெரிக்கா சென்று, 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1900-இல் வேலூரில் ஒரே படுக்கையுடன் தம் பணியைத் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கென ஒரு மருத்துவப் பள்ளியை நிறுவினார். ஆண் மாணவரை 1947 முதல் அக்கல்லூரி சேர்த்துக்கொண்டது. தாம் ஒருவர் மருத்துவரானால் போதும் என்று அவர் எண்ணவில்லை. இந்நாட்டுப் பெண்களே மருத்துவம் கற்க வேண்டும், அதற்கு ஒரு வகுப்பறை வேண்டும் என்று அவர் கண்டதுதான் இங்கே கருதத்தக்கது.

2. உள்ளே வந்தவர் கண்ட காட்சி

மூடிய கதவு என்ன செய்யும் என்று பார்த்தோம். திறந்த கதவு என்ன செய்யும்? இதற்குப் புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி அம்மையாரின் வாழ்க்கையே விடை. ஆடவர் பயிலும் மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னரின் ஆதரவால் அவருக்கு இடம் கிடைத்தது. 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் பட்டம் பெற்றார்.

அவருடைய தாயார் தேவதாசி மரபில் வந்தவர். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தின் கொடுமையைப் பிறர் சொல்லக் கேட்டோ ஏட்டில் படித்தோ அறிய வேண்டிய நிலை அவருக்கு இல்லை. சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராகி, அதன் துணைத்தலைவராகவும் விளங்கிய காலத்தில், அவ்வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். அதனை முற்றிலும் தடைசெய்த சட்டம் 1947-இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தை நிறுவினார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவர் மனத்தை விட்டு அகலவில்லை. பல்லாண்டு முயற்சிக்குப்பின் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது.

அவரோடு பயின்ற ஆடவரும் திறமை வாய்ந்தவர்களே. நோயை அறியும் கலையை எல்லோரும் ஒரே ஆசிரியரிடந்தான் கற்றனர். ஆனால் எதை நோய் என்று கருத வேண்டும், எதைத் தீர்க்க வேண்டிய துன்பமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்னும் அறிவு பாடநூலிலிருந்து மட்டும் வருவதில்லை, பட்டறிவிலிருந்தும் வருகிறது. பானையில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஒரு தொழிலின் பானையில் ஒரே வகையான பட்டறிவுதான் இருக்கிறது என்றால், அத்தொழில் சமுதாயத்திற்கு வழங்குவதும் ஒரே வகையாகத்தான் இருக்கும்.

3. சட்டம் திறந்த வாயில்

முத்துலட்சுமி அம்மையாருக்கு ஒரு மன்னரின் நல்லெண்ணம் துணை செய்தது. ஒவ்வொருவர்க்கும் ஒரு மன்னர் வரமாட்டார். ஆகையால் நல்லெண்ணத்தைச் சட்டமாக்க வேண்டியதாயிற்று. சென்னை மாகாணத்தில் நடைமுறையில் இருந்த வகுப்புவாரி ஆணையை எதிர்த்து, மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களைப் பற்றி வழக்கு எழுந்தது. 1951-இல் உச்ச நீதிமன்றம் அவ்வாணை செல்லாது என்று தீர்ப்பளித்தது. தமிழகத்தில் பெருங்கிளர்ச்சி மூண்டது. அவ்வாண்டிலேயே அரசியலமைப்பின் முதல் திருத்தம் நிறைவேறி, சமூக நிலையிலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினர்க்கும், தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு உரிமை உண்டு என்னும் 15(4) பிரிவு சேர்க்கப்பட்டது. இந்திய நாடு முழுவதற்கும் பயன்படும் ஒரு பிரிவு, சென்னைக் கல்லூரிகளின் இடங்களைப் பற்றிய வழக்கிலிருந்து பிறந்தது என்பதை நம் மாணவர் அறிந்திருத்தல் நலம்.

அதன்பின் வாயில் சிறிது சிறிதாக அகன்றது. 2006-ஆம் ஆண்டுச் சட்டம், மத்தியக் கல்வி நிறுவனங்களில் பிற பிற்படுத்தப்பட்டோர்க்கு நூற்றுக்கு 27 இடங்களை ஒதுக்கியது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் நூற்றுக்கு 5 இடங்களுக்குக் குறையாமல் அவர்களுக்கு அளித்தது. உடற்குறை நூற்றுக்கு 40 அளவு உள்ளது என்ற எண்ணிக்கை ஒன்றை மட்டும் காட்டி ஒருவரை மருத்துவப் படிப்பிலிருந்து விலக்கலாகாது; அவரால் படிப்பை மேற்கொள்ள இயலுமா என்று ஆராய்ந்தே முடிவு செய்ய வேண்டும் என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. தமிழ்நாட்டில் 2020-இல், அரசுப் பள்ளிகளில் பயின்று நுழைவுத் தேர்வில் தேறியவர்க்கு மருத்துவக் கல்வியில் நூற்றுக்கு 7.5 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அதற்கு முன் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே இடம் பெற்றுவந்த அம்மாணவர், அவ்வாண்டில் நூற்றுக்கணக்கில் மருத்துவக் கல்லூரிகளில் நுழைந்தனர்.

4. தகுதி என்பது யாது?

இங்கே ஒரு தடை எழும். “எல்லோர்க்கும் இடம் என்பது கேட்க இனிமைதான். ஆனால் மருத்துவம் உயிரோடு விளையாடும் தொழில். தகுதி குறையலாமா?” என்று வினவுவாரும் உளர். இவ்வினாவை ஒதுக்கிவிடுதல் முறையன்று. விடை கூறவே வேண்டும்.

முதலாவது, நுழைவுத் தேர்வு வேறு, பட்டத் தேர்வு வேறு. நுழையும்போது ஒருவர் எத்தனை எண் பெற்றார் என்பது, அதுவரை அவருக்குக் கிடைத்த பள்ளி, தனிப்பயிற்சி, வீட்டின் அமைதி, பொருள் வசதி ஆகியவற்றையும் சேர்த்தே அளக்கிறது. ஆனால் பட்டம் பெறுவதற்கு எல்லோரும் அதே தேர்வை எழுதி, அதே அளவுக்குத் தேறியாக வேண்டும். ஒதுக்கீட்டில் நுழைந்தவர்க்கென்று தனியான தேர்ச்சி எண் எந்த மருத்துவப் பட்டத்திற்கும் இல்லை.

இரண்டாவது, பலதரப்பட்டோர் இல்லாமையே தகுதியைக் கெடுப்பதும் உண்டு. விரல் நுனியில் மாட்டி இரத்தத்தின் உயிர்வளி அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் என்னும் சிறு கருவியைக் கொரோனாக் காலத்தில் நாம் எல்லோரும் கண்டோம். அது கறுப்பு நிறத்தோர்க்கு உள்ளதைக் காட்டிலும் மிகுதியான அளவைக் காட்டிவிடுவதுண்டு என்று அமெரிக்காவில் 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று கண்டது. உயிர்வளி குறைந்திருந்தும் கருவி அதைக் காட்டத் தவறியது வெள்ளையரிடம் நூற்றுக்கு 3.6, கறுப்பரிடம் நூற்றுக்கு 11.7. ஏறத்தாழ மூன்று மடங்கு! கருவியைச் சரிபார்த்த காலத்தில் கருநிறத்தாரைப் போதிய அளவு சேர்க்காமை இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. இதில் மேலும் வருந்தத்தக்கது, 1990-லேயே ஓர் ஆய்வு இக்குறையைச் சுட்டியிருந்தது என்பது. முப்பதாண்டுக் காலம் அது பெரிய செய்தியாகவில்லை.

அக்கருவியைச் செய்தவரும் தகுதி மிக்கவரே. அவர்களுக்குத் தீய எண்ணமும் இல்லை. ஆனால் “எங்கள் தோலில் வைத்துப் பார்த்தீர்களா?” என்று கேட்கக்கூடியவர், கேட்டால் செவிசாய்க்கத்தக்க இடத்தில், போதிய அளவில் இல்லை. அந்த ஒரு வினாவைக் கேட்கும் ஆற்றலும் தகுதியில் சேர்ந்ததுதான். எந்த நுழைவுத் தேர்வும் அதை அளப்பதில்லை.

5. பந்தியும் இலையும்

வாயில் திறந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டதா? இல்லை. விருந்துக்கு அழைத்துப் பந்தியில் அமர்த்திவிட்டு, இலை போடாமல் விடுவதும் உண்டு. அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர் வேறுபாடாக நடத்தப்படுகிறார்கள் என்னும் முறையீட்டை ஆராய, 2006-இல் மத்திய அரசு சுகதேவ் தோரட் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. ஆசிரியரோடு பழகுவதிலும், தேர்வுகளிலும், விடுதி வாழ்விலும் அம்மாணவர் உணர்ந்த வேற்றுமையை 2007-இல் வந்த அறிக்கை எடுத்துக்காட்டியது. நாட்டின் முதன்மையான கல்வி நிலையத்திலேயே இது நிகழ்ந்தது என்றால், மற்ற இடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

தன் ஊரையும் பேச்சையும் மறைத்தால்தான் மதிப்புண்டு என்று ஒரு மாணவன் கருதும்படி கல்லூரி நடந்துகொள்ளுமாயின், அவன் எதைக் கொண்டுவந்தானோ அதை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு உள்ளே வருகிறான். ஐந்தாண்டுக்குப்பின் வெளியே போகும்போது அவனும் மற்றவரைப்போலவே ஆகியிருப்பான். கல்லூரி ஓர் இடத்தைக் கொடுத்தது. அதனால் பெறவேண்டியிருந்த பயனை இழந்துவிட்டது.

இன்னொன்றும் நேர்மையோடு சொல்லவேண்டும். எளிய குடும்பத்தில் பிறந்தவரெல்லாம் எளியவர்க்கே தொண்டு செய்வார் என்பதற்கு உறுதி ஏதுமில்லை. வறுமையை அனுபவித்தவர் அதை மறக்க விரும்புவதும் இயல்பே. கலிபோர்னியாவில் 1996-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, கறுப்பு மருத்துவரும் ஸ்பானிய மரபு மருத்துவரும் தத்தம் இனத்து நோயாளிகளை மற்ற மருத்துவரைவிட மிகுதியாகக் கவனித்து வந்தனர் என்று கண்டது. இது பொதுவான போக்கைக் காட்டுகிறதே யன்றி, ஒவ்வொருவர்மேலும் சுமத்தத்தக்க கடமை ஆகாது. “நீ கிராமத்திலிருந்து வந்தவன், ஆகவே நீ கிராமத்துக்குப் போ. நான் நகரத்தில் பிறந்தவன், நகரத்தில் இருக்கிறேன்” என்று கூறுவது புதிய உடையில் வரும் பழைய வருணப் பிரிவே ஆகும். சமூகப் பொறுப்பு எல்லா மாணவர்க்கும் பொது. அதனை எல்லோர்க்கும் கற்பித்தல் கல்லூரியின் கடன்.

6. பொறுப்பைக் கற்பிக்க முடியுமா?

முடியும் என்று நம்பியவர்கள் இந்நாட்டில் நெடுங்காலமாகவே இருந்திருக்கிறார்கள். 1946-இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, நோய்க்கு மருந்தளிப்பவராக மட்டும் நில்லாமல், மக்களை நோயினின்று காத்து வழிகாட்டும் ‘சமூக மருத்துவர்’ உருவாக வேண்டும் என்றது. அதற்கெனத் தடுப்பு மருத்துவத்திலும் சமூக மருத்துவத்திலும் மூன்று மாதப் பயிற்சியைப் பரிந்துரைத்தது. வேலூரில், திருச்சபைகளின் ஆதரவில் சேர்ந்து படித்தவர், படிப்பு முடிந்தபின் தேவையுள்ள ஊர்களின் மருத்துவமனைகளில் இரண்டாண்டு பணியாற்றும் வழக்கம் நிலைபெற்றது. காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-இல், சுசீலா நய்யார் அம்மையார் சேவாகிராமத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே புதிதாகச் சேரும் மாணவர் முதலில் ஆசிரமத்தில் தங்கி வாழப் பழகுகிறார்கள். ஒவ்வோர் ஆண்டு மாணவர் குழுவும் ஒரு கிராமத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, அங்கே சென்று தங்குகிறது.

அண்மையில் இது நாடு முழுவதற்கும் விரிந்திருக்கிறது. 2021-22-இல் சேர்ந்தவர் தொடங்கி, மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் சில குடும்பங்களை ஏற்று, படிப்புக் காலத்தில் அவற்றின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனித்துவரும் முறையைத் தேசிய மருத்துவ ஆணையம் பாடத்திட்டத்தில் சேர்த்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் குறிப்பேட்டை நிரப்பிக் கையொப்பம் வாங்குவதோடு முடிந்துவிட்டால், அது ஏட்டுச் சுரைக்காயே.

இங்கேதான் பலதரப்பட்ட மாணவர் ஒருங்கிருப்பதன் பயன் விளங்குகிறது. நீரிழிவு நோய்க்குரிய பாடம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்சுலினைக் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று நூல் கூறுகிறது. “குளிர்பெட்டி இல்லாத வீட்டில் என்ன செய்வது?” என்று ஆசிரியர் கேட்கிறார். நகரத்து மாணவர் விழிக்கிறார்கள். பின் வரிசையில் ஒரு மாணவி, தன் வீட்டில் ஈரமணல்மேல் மண்பானை வைத்துத் தண்ணீரைக் குளிர வைப்பதைச் சொல்கிறாள். மண்பானையில் இன்சுலினை வெப்பத்திலிருந்து காக்கும் முறை உண்மையிலேயே நம் நாட்டில் கையாளப்படுவதுதான். அன்று அவ்வகுப்பில் கற்றவர் நூறு பேர், கற்பித்தவர் இருவர். அதன்பின் அம்மாணவர் ஒரு குடிசைக்குச் செல்லும்போது வெறுங்கையோடு செல்லமாட்டார்கள். எதைக் கேட்க வேண்டும் என்று அறிந்து செல்வார்கள்.

இதற்குப் பெரும்பொருட்செலவு வேண்டா. ஆசிரியர் கேட்க வேண்டும். மாணவர் சொல்ல அஞ்சாதிருக்க வேண்டும். மற்றவர் நகையாதிருக்க வேண்டும். வாயில், வரவேற்பு, பயிற்சி என்னும் மூன்றும் சேர்ந்தால்தான் பொறுப்புள்ள தொழிலறிஞர் உருவாவர். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் பயன்படா.

7. நம் சங்கம் செய்யத்தக்கது

இவையெல்லாம் அரசும் ஆணையமும் கல்லூரித் தலைவரும் செய்ய வேண்டியவை, நமக்கு இதில் என்ன வேலை என்று அன்பர்கள் எண்ணலாம். நாம் தாயகம் விட்டு வேற்று மொழி வழங்கும் நாட்டில் வந்து கற்கின்றோம். முதல் வாரத்தில் வகுப்பில் எழுந்த சிரிப்புக்குக் காரணம் விளங்காமல், மற்றவர் சிரிப்பதைப் பார்த்துத் தாமும் சிரித்து வைக்காதவர் நம்மில் யார்? நம் பெயரைப் பிறர் பிழைபட அழைத்தபோது திருத்தலாமா வேண்டாமா என்று தயங்காதவர் யார்? சிறுபான்மையாக அமர்ந்திருப்பது எத்தகையது என்பதை நாம் சிறிதளவேனும் அறிவோம். ஊரில் இருந்திருந்தால் நம்மில் பலர் இதை அறிந்திருக்கவே மாட்டோம். ஆகவே இதுவும் நமக்குக் கிடைத்த கல்வியே.

இக்கல்வியை நாம் எவ்வாறு பயன்படுத்துகிறோம்? பொங்கல் விழாவும் முத்தமிழ் விழாவும் நடத்துகிறோம், நன்று. ஆனால் நம் சங்கத்துக்குள்ளேயே தமிழ்வழியில் படித்து வந்த மாணவன் ஒருவன், ஆங்கிலம் நன்கு பேசும் தமிழர்முன் வாய் திறக்க அஞ்சிப் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறான் அல்லவா? கூட்டம் முடிந்து இனம் இனமாகத் தேநீர் அருந்தப் போகும்போது தனியே விடுதிக்குத் திரும்புகிறவர் யார் என்று நாம் கவனித்ததுண்டா? மலைப்பகுதியிலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வந்து நம்மைப்போலவே மொழி தெரியாமல் இடர்ப்படும் மாணவரை நம் விழாக்களுக்கு அழைத்ததுண்டா? வெளியே சமத்துவம் கேட்கும் நாம் உள்ளே வேற்றுமை பாராட்டுவது அழகாகாது.

மூத்த மாணவர் ஒவ்வொருவரும் புதிதாக வந்த ஒருவர்க்கு முதற்பருவம் முழுவதும் பாடத்தில் துணையாய் இருத்தல். அவர் ஊரையும் வாழ்வையும் பற்றி அவரிடம் கேட்டறிதல். இவ்விரண்டை மட்டும் நம் சங்கம் வரும் ஆண்டில் மேற்கொள்ளுமாயின், அதுவே பெரும்பணி. உதவுகிறவர் மேலானவர், பெறுகிறவர் கீழானவர் என்னும் எண்ணம் இதில் வேண்டா. முன்னவர் பாடத்தைச் சொல்லித் தருவார்; பின்னவர் உலகத்தைச் சொல்லித் தருவார்.

நாளை நம்மில் ஒருவர் மருத்துவராகவும், ஒருவர் பொறியியலாளராகவும், ஒருவர் வழக்கறிஞராகவும் விளங்குவர். நம்மைப்போல் இல்லாத ஒருவர் நம்முன் வந்து நின்று தம் குறையைச் சொல்லும் நாள் நிச்சயம் வரும். அவர் சொல்வதை நாம் புரிந்துகொள்வோமா என்பது அன்றைக்குத் தீர்மானமாவதன்று. இன்று நம் பக்கத்தில் அமர்ந்திருப்பவர் பேசும்போது நாம் செவிசாய்க்கிறோமா என்பதைப் பொறுத்தது.